கிணற்றில் சயனைடு இல்லையாம், அப்படியானால் குடிக்கலாமா?

பெங்களூரு கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அம்மாவும் அப்பாவும் அதே லைன் வீட்டில்தான் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) இருக்கிறார்கள். மகன் வார இறுதியில் மாரிகுப்பம் ரயில் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் சயனைடு மேடு, அதாவது சுரங்க ஆலைக் கழிவு குவிந்த மேடு. பெருமழை பெய்தால் மேட்டிலிருந்து சாம்பல் நிறச் சேறு இறங்கித் தெருவில் ஓடி, லைனின் பொதுக் கிணற்றைச் சுற்றித் தேங்குகிறது. சென்ற ஏப்ரலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பழைய குடிநீர் பாட்டிலில் பிடித்து, ரயிலில் கொண்டுவந்து, பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார். சயனைடு, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) இரண்டையும் மட்டும் பார்க்கச் சொன்னாராம். 'சயனைடு கண்டறியப்படவில்லை, டி.டி.எஸ். 640' என்று அறிக்கை வந்தது. வீட்டில் ஆர்.ஓ. மாட்டிக் கொடுத்திருக்கிறார். டி.டி.எஸ். மீட்டர் இப்போது 60 காட்டுகிறது.

அவருடைய கேள்விகள் இவை. சயனைடு இல்லாததால் கிணற்று நீர் பாதுகாப்பானதுதானே? லைன் இளைஞர்கள் சேர்ந்து ஜேசிபி வைத்து மேட்டின் அடிவாரத்தில் கால்வாய் வெட்டிச் சேற்று நீரைக் கீழே உள்ள ஓடைக்குத் திருப்பப் போகிறார்கள். செலவில் பாதியைத் தான் தரலாமா? மேடுகளை ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கப் போவதாகச் செய்தி வருகிறதே, ஆதரிப்பதா எதிர்ப்பதா? அருகில் வாங்கிய 30-க்கு 40 மனையில் போர்வெல் போடலாமா? அப்பாவோ, "நாப்பது வருஷமா இந்தத் தண்ணிதான் குடிச்சேன், எனக்கு என்ன ஆச்சு?" என்கிறாராம். அவரைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிடலாமா?

தம்பி, பெற்றோருக்காக ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துத் தண்ணீர் பாட்டிலோடு ரயிலேறியது நல்ல காரியம். ஆனால் அந்த அறிக்கையை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நீங்கள் தேடியது தவறான பொருளை. எடுத்த விதமும் எடுத்த மாதமும்கூடச் சரியில்லை.

முதலில் சயனைடைப் பற்றி. தாதை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறை 1887-இல் வந்தது. தங்கவயலின் மேடுகள் பெரும்பாலும் அந்த ஆலைகள் கக்கிய கழிவு. அதனால்தான் ஊரே அதைச் சயனைடு மேடு என்கிறது. ஆனால் திறந்த வெளியில் சயனைடு நெடுங்காலம் நிலைப்பதில்லை. கரைசலின் காரத்தன்மை குறைந்தால் வாயுவாகிப் பறந்துவிடும். வெயில் கொஞ்சம் சிதைக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் தின்னும். இரும்போடு பிணைந்த சயனைடு மட்டும் பல ஆண்டு தங்கும், அதற்கு அதே அளவு நச்சு கிடையாது. சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு ஆன பிறகு கிணற்றில் சயனைடு அகப்படாததில் வியப்பில்லை. மேலும், சயனைடு சோதிக்க எடுக்கும் நீரில் பிடித்த உடனே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, பி.எச். எனப்படும் அமில-கார அளவை 12-க்கு மேல் ஏற்றி, இருட்டில், ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெறும் பாட்டிலில், ஏப்ரல் வெயிலில், ரயில் ஜன்னலோரம் வந்த நீரில் இருந்ததும் போயிருக்கும். ஆகவே அந்த 'கண்டறியப்படவில்லை' எதையும் நிரூபிக்கவில்லை.

தங்கத் தாதோடு சேர்ந்து வரும் மற்றவைதான் எனக்குக் கவலை. உலகின் பல தங்கச் சுரங்கங்களில் ஆர்சனிக் உள்ள கந்தகக் கனிமங்கள் தங்கத்தோடு ஒட்டியே இருக்கின்றன. பாறைக்குள் மூடிக் கிடந்தவரை அவை சாது. மாவாக அரைத்து, காற்றும் மழையும் படும்படி குவித்துவிட்டால் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலம் இரும்பு, ஈயம், துத்தநாகம், செம்பு போன்றவற்றைக் கரைத்துக் கொண்டுவருகிறது. ஆர்சனிக் விஷயம் வேறு; நீர் அமிலமாகாவிட்டாலும் அது கரைந்து வரும். பி.எச். சரியாக இருக்கிறது என்பதால் ஆர்சனிக் இல்லை என்று ஆகிவிடாது. சயனைடு முறை வருவதற்கு முன் பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்தார்கள், அதனால் பாதரசத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. உங்கள் மேட்டில் இவற்றில் எது, எவ்வளவு என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பயமுறுத்துவதும் தவறு, ஆறுதல் சொல்வதும் தவறு.

எப்போது, எப்படிச் சோதிப்பது

ஏப்ரலில் எடுத்தீர்கள். கோடையில் மேட்டுக்குள் இருக்கும் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது, கரைந்திருந்த உப்புகளை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகும். பழைய சுவரில் உப்புப் பூப்பது போலத்தான். மே மாதம் மேட்டின் சரிவில், குறிப்பாக அடிவாரத்தில், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். பல மாதங்களாகச் சேர்ந்த அமில உப்பும் உலோகமும் அதில்தான் இருக்கும். பருவத்தின் முதல் நல்ல மழை அதை ஒரே அடியில் கரைத்து இறக்கும். வெப்ப மண்டலச் சுரங்கங்களில் ஆண்டின் மிக மோசமான தண்ணீர் பெரும்பாலும் அந்த முதல் மழைகளில்தான் வருகிறது. கோடைக் கிணற்று நீர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எனவே மூன்று தடவை எடுங்கள்: கோடையில் ஒன்று, முதல் பெருமழைக்கு மறுநாள் ஒன்று, அக்டோபர் மழை ஓய்ந்தபின் ஒன்று. கிணற்றில் மட்டும் போதாது, தெருவில் ஓடும் சேற்று நீரிலும் ஒரு பாட்டில் வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முன்கூட்டியே சொன்னால், உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் இட்ட பாட்டிலை அவர்களே தருவார்கள். அந்தப் பாட்டிலைக் கழுவாதீர்கள், கையிலும் பட்டுக்கொள்ளாதீர்கள். பி.எச்., சல்பேட், ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம், இரும்பு, மாங்கனீஸ், நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாவற்றையும் கேளுங்கள். எடுத்த இடம், தேதி, நேரம், முந்தைய நாள் மழை ஆகியவற்றை எழுதி, பாட்டிலோடு போட்டோவும் எடுத்து வையுங்கள். பின்னால் டி.சி. (மாவட்ட ஆட்சியர்) ஆபீஸிலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ போய் நிற்க நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் உங்களுக்குச் சாட்சி.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500:2012) ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஈயத்துக்கும் அதே 0.01. பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதை டி.டி.எஸ்.-ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அதன் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் ஆர்சனிக்கின் வரம்பு. உங்கள் கையில் உள்ள மீட்டர் மின்கடத்தலை அளக்கும் கருவி. வரம்பைப் போல ஐந்து மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் அந்த முள் அசையாது. '60 காட்டுகிறது' என்பதை ஆர்.ஓ. வேலை செய்வதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் பாதுகாப்பு என்பதற்கு அல்ல. ஆர்.ஓ. ஆர்சனிக்கை ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஆனால் ஆழத்து நீரில் இருக்கக்கூடிய ஒரு வகை ஆர்சனிக் அதில் நழுவும். ஆகவே ஆர்.ஓ.வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில் சோதித்துவிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு ஆதாரத்து நீரை வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துணி துவைக்கக் கிணற்று நீர் பரவாயில்லை. ஆர்.ஓ. கழிவு நீரை அம்மா கீரைப் பாத்திக்கு விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுக்கப்பட்டதெல்லாம் அந்த நீரில்தான் சேர்கிறது. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜேசிபிக்குப் பணம் தராதீர்கள்

கடிதத்தில் என்னை உண்மையிலேயே பதற வைத்த இடம் இது. இளைஞர்களின் கோபம் நியாயமானது. திட்டம் ஆபத்தானது.

மேடு என்பது பாறை அல்ல. மாவு போன்ற மணலும் வண்டலும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத துகள். அடிவாரத்தை வெட்டினால் மேலே உள்ளது தாங்கலின்றிச் சரியும். மழையில் சரிந்தால் ஜேசிபியோடு ஆளும் போவார். சரியாவிட்டாலும், வெட்டிய கால்வாயில் நீர் வேகமெடுத்து அரித்துக்கொண்டே போகும். அடுத்த ஆண்டு இன்னும் அதிகச் சேறு இறங்கும். அது போய்ச் சேரும் ஓடை கீழ் லைனைத் தாண்டி ஏரிக்குப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் கிணறு உண்டு, குழந்தைகள் உண்டு. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, தெரிந்தே நச்சுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ சேர விடுவதைத் தடுக்கிறது. மேட்டுக்குப் பொறுப்பானவர்கள் மேல் புகார் சொல்ல வேண்டிய நீங்கள், கால்வாய் வெட்டிய மறுநாள் புகாருக்கு உள்ளாகும் கட்சி ஆகிவிடுவீர்கள். வீட்டு அஸ்திவாரத்தை நிரப்ப மேட்டு மண்ணை அள்ளுகிறார்கள் என்கிறீர்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அனுமதியின்றி அள்ளுவது குற்றம் என்பது ஒருபக்கம். அந்தத் தூள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது என்பது அதைவிடப் பெரிது.

'ஒரு குழி வெட்டிச் சேற்றைத் தேக்கினால்?' என்று கேட்பீர்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஒரு ஏக்கர் சரிவில் ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 2 லட்சம் லிட்டர். பாதி ஓடி வந்தாலும் 1 லட்சம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குழி அதிலேயே நிரம்பிவிடும். அது ஒரே ஒரு ஏக்கருக்கு. குழியில் தேங்கினால் மட்டும் போதாது, சேறு அடியில் படிய தண்ணீர் அசையாமல் நிற்கவும் வேண்டும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் துகளுக்கு 3 நாள். அடுத்த நாள் மாலையே மறுபடி மழை வந்தால் கலங்கல் அப்படியே வழிந்து போகும். சுரங்கங்களில் தேக்கக் குளங்களை வரிசையாகக் கட்டுவதும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் தூர்வாருவதும் இதனால்தான்.

இதில் முதல் வேலை சேற்றைப் பிடிப்பதல்ல. மேட்டைத் தொடாத நல்ல மழைநீரை மேட்டுக்கு வரவே விடாமல் செய்வது. மேட்டுக்கு மேல்பக்கத்து நிலத்தில் பெய்யும் மழையை ஒரு சுற்று வாய்க்கால் வெட்டி ஒதுக்கித் திருப்பிவிட்டால், கழிவு நீரின் அளவே குறையும். சுரங்கத்துறையில் கார்லேண்ட் டிரெயின் என்பார்கள். பிறகு அடிவாரத்தில் கல் அடுக்கிய தடுப்புச் சுவர், அதன் பின்னால் தேக்கக் குளங்கள், சரிவின் மேல் நல்ல மண் பரப்பி வெட்டிவேர் போன்ற ஆழவேர்ப் புல். இவை பொறியாளர் அளந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர் செலவில் செய்ய வேண்டியவை. மேடுகள் ஒன்றிய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் இருக்கின்றன. செலவு அங்கிருந்து வர வேண்டும், உங்கள் சம்பளத்திலிருந்து அல்ல.

ஜேசிபிக்கு ஒதுக்கிய பணத்தில் லைன் மக்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிணற்றின் கைப்பிடிச் சுவரை 3 அடியாவது உயர்த்துங்கள். சுற்றிலும் 2 மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வாகச் சிமெண்ட் தளம் போடுங்கள். மேலே மூடி. உள்சுவரின் மேல் பகுதியில் விரிசல் இருந்தால் பூசுங்கள். தெருச் சேறு நேரே கிணற்றுக்குள் இறங்குவது இதனால் நிற்கும். நிலத்தடி வழியாக ஊறி வருவதை இது தடுக்காது. அதற்குத்தான் மேலே சொன்ன சோதனை.

'பெருமழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடாதா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். கழுவிக்கொண்டு எங்கே போகும்? பப்புவா நியூ கினியின் ஓக் டெடி செம்புச் சுரங்கப் பகுதியில் ஆண்டுக்கு 8 மீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அங்கே கழிவைத் தேக்கக் கட்டிக்கொண்டிருந்த அணை 1984-இல் நிலச்சரிவில் போனது. அதன்பின் கழிவை ஆற்றிலேயே விட்டார்கள். அத்தனை மழையும் அதை நீர்த்துப்போகச் செய்யவில்லை. ஆற்றுப் படுகை மேடாகி, வெள்ளம் கரையேறி, கீழே பல கிலோமீட்டர் தூரத்துக்குக் காடு பட்டுப்போனது. நம் கர்நாடகத்திலேயே குதுரேமுகா இரும்புச் சுரங்கத்திலிருந்து மழையோடு இறங்கிய வண்டல் பத்ரா ஆற்றைக் கலக்கியது. அந்தச் சுரங்கத்தை 2005-ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. தங்கவயலில் மழை ஓக் டெடி மழையில் ஒரு சிறு பங்குதான், ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் அது சில மாலைகளில் மொத்தமாகக் கொட்டுகிறது.

மேடுகள் ஏலம் போனால்

13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு இருப்பதாகக் கணக்கு. அவற்றிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை 2024-இல் இசைவு தந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் கேட்பாரற்றுக் கிடக்கும் மேட்டுக்கு ஒரு பொறுப்பாளி கிடைப்பார். மிஞ்சும் கழிவு, நீர் கசியாதபடி அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்த குளத்துக்குப் போகும். அலட்சியமாகச் செய்தால் இத்தனை ஆண்டில் இறுகிய மேற்பரப்பு கிளறப்பட்டு, புதிய சயனைடும் ஊருக்குள் வரும். அந்த நிலையில் உங்கள் சயனைடுப் பயம் முற்றிலும் சரியானதாகிவிடும்.

2006-ஆம் ஆண்டு சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்பு நடந்தால் 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். தோண்டுவதற்கு முன் எல்லாக் கிணறுகளையும் சோதித்து எண்களை வெளியிடுவார்களா? சுற்று வாய்க்காலும் தேக்கக் குளமும் முதல் வண்டி மண் அள்ளுவதற்கு முன்பே தயாராக இருக்குமா? எத்தனை மில்லிமீட்டர் மழைக்குக் குளத்தை அளந்திருக்கிறார்கள்? வேலை முடிந்து நிறுவனம் போன பிறகு பராமரிப்புக்குப் பணம் யாரிடம் இருக்கும்? இவற்றை எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கையில் மூன்று பருவத்து அறிக்கை இருந்தால் உங்களை ஒதுக்கிவிட முடியாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் அறிக்கையில் வரம்பு மீறல் தெரிந்தால் கோலாரில் உள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மண்டல அலுவலகத்துக்கும் டி.சி.க்கும் லைன் மக்கள் சேர்ந்து கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள், ஏற்பு முத்திரை வாங்குங்கள். மேடுகளின் நீர் பற்றி ஏற்கெனவே என்ன சோதித்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். கர்நாடகத்துக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. காலக்கெடு முக்கியம்: தடுப்பு உத்தரவு கேட்பதற்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், இழப்பீடும் சீரமைப்பும் கேட்க 5 ஆண்டு. பழைய மாசு என்று தள்ளிவிடும் வாதம் வரும் என்பதால், மனுப் போடும் முன் சூழல் வழக்கு நடத்திய வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

மனை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இப்போது போர்வெல் வேண்டாம். கோலார் மாவட்டத்தில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படுகிறது, அனுமதி வாங்க வேண்டும். தங்கவயலில் மனைக்கு அடியில் பழைய சுரங்க வழி ஓடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். இன்னொன்று, கோலார் பகுதி ஆழ்துளை நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நெடுநாள் அறிந்த விஷயம். அது கிரானைட் பாறையிலிருந்து வருகிறது, மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபுளோரைடின் வரம்பு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. நாளை போர்வெல் நீரில் குறை தெரிந்து சுரங்கத்தின் மேல் பழி போட்டால், ஃபுளோரைடைக் காட்டி உங்கள் மொத்தப் புகாரையும் தள்ளிவிடுவார்கள்.

பெற்றோரை அழைத்து வருவது பற்றி. தண்ணீருக்காக மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். கே.ஆர்.புரத்தில் நீங்கள் வாங்கும் டேங்கர் தண்ணீர் எந்தப் போர்வெல்லிலிருந்து வருகிறது, அதை யார் சோதித்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததும் நினைவிருக்கும். குடிநீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் பழகிய இடத்திலேயே இருக்கலாம். மழை நாளில் தெருச் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஜூன், ஜூலைக் காற்றில் தூசி கிளம்பும்போது மேட்டுப் பக்கத்து ஜன்னல் மூடியிருக்கட்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கட்டும்.

அப்பா சொல்வதோடு வாதாடாதீர்கள். ஆர்சனிக் உடம்பில் காட்ட ஆண்டுக் கணக்காகும். அதனால் 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை' என்பது சான்று ஆகாது. ஆனால் அதைச் சொல்லிப் பயனில்லை, பார்த்தால் போதும்: உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் உண்டா? இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் விடாமல் இருமுகிறார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் முதலில் பார்க்க வேண்டியதாகப் படுகிறது. பாறைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ், வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும், காசநோய்க்கும் வழிவிடும். தண்ணீர் அறிக்கைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். போகும்போது அவருடைய சர்வீஸ் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வருடம் சுரங்கத்துக்குள் இருந்தார், துளை போடும் வேலையிலா வேறு வேலையிலா என்பதைக் கேட்டுத்தான் மருத்துவர் படத்தைப் படிப்பார்.